விளையாட்டரங்கமும் சாரமும்

தில்லி வாழ் தமிழ் நேயர்கள் லோதி சாலைப் பக்கம் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கத்தைக் கண்டிருப்பார்கள். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுக்களுக்காக எழுந்த அவ்வரங்கம், 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுக்களுக்காகப் புதிய கூரையுடன் திருத்தியமைக்கப்பெற்றது. கூரையை வியந்தோர் பலர்; தொழிலாளரைத் தாங்கி நின்று, வேலை முடிந்ததும் மறைந்துபோகும் சாரத்தை நினைப்போர் சிலரே.

வீடு கட்டுங்கால் சமதரையில் சவுக்குக் கட்டைகளை நட்டு, குறுக்கே கட்டிப் பலகை பரப்புவதை நாம் அறிவோம். பெரிய அரங்கம் ஒன்றை விரிவுபடுத்துங்கால் இம்முறை போதாது. அங்கே எதிர்ப்படும் இடர்கள் மூன்று.

முதலாவது, தரை. பார்வையாளர் அமரும் இடம் படிப்படியாகச் சரிந்திருப்பதால், அதன்மேல் நிற்கும் இரும்புக் குழாய்களின் நீளம் படிக்குப் படி மாறும். திருகி உயர்த்தக்கூடிய அடித்தட்டுக்களால் அவற்றை மட்டப்படுத்துவர். மக்கள் பரவலாக அமரும் பாரத்தைத் தாங்கவே அப்படிகள் அமைந்தவை. ஒரு குழாயின் முனையில் குவியும் பாரத்தைத் தாங்கும் என்று கொள்ளலாகாது. ஆகவே குழாயின்கீழ்க் கனத்த பலகையிட்டுப் பாரத்தைப் பரப்புவர். வேண்டுமிடத்துப் படிகளுக்குக் கீழேயும் முட்டுக் கொடுப்பர்.

இரண்டாவது, வடிவம். அரங்கமோ வளைந்தது, குழாயோ நேரானது. சிறு சிறு நேர்ப்பகுதிகளாகவே சாரத்தை வளைத்துச் செல்லவேண்டும். பகுதிகள் கூடுமிடத்தில் ஆப்பு வடிவில் இடைவெளி விழும். அதைப் பலகையால் மூடாவிடில் ஒருவர் கால் தவறப் போதும்.

மூன்றாவது, கூரை. சாதாரணச் சாரத்தைச் சுவரோடு பிணைப்பர். வெளியே நீண்டு நிற்கும் கூரையின்கீழ்ச் சுவர் ஏது? அங்கே சாரம் கோபுரம்போல் தனித்து நிற்கவேண்டும். அடியகலத்தைப்போல் நான்கு மடங்குக்கு மேல் உயரும் சாரம் சாயாதபடி பிணைக்கப்படல் வேண்டும் என்பது அமெரிக்க நாட்டு விதி. தூசுக்காகத் துணி கட்டினாலோ, அது பாய்மரம்போல் காற்றை வாங்கும்.

இவற்றினும் பெரிய பகை அவசரம். விழாநாள் நெருங்க நெருங்க, வர்ணம் பூசுவோர் வழிக்கு இடையூறென்று ஒரு பிணைப்பையும், கம்பி இழுப்போர் மற்றொன்றையும் கழற்றுவர். கழற்றியதை மீண்டும் பூட்டுவார் இல்லையேல் சாரம் நிலைகுலையும். 2010 செப்டம்பர் 21 அன்று இதே அரங்கத்தருகே, விழாவுக்குப் பன்னிரண்டு நாளே இருக்கையில், கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து தொழிலாளர் பலர் காயமுற்றனர். அது சாரமன்று, எனினும் நாள் குறுகிய வேலையில் உயிர் எத்துணை மலிவாகிவிடக்கூடும் என்பதைத் தலைநகர் அன்று கண்டது.

கட்டடத் தொழிலாளரின் பாதுகாப்புக்கெனப் பார்லிமென்ட் 1996-இல் தனிச் சட்டம் இயற்றியது. சாரத்தைப் பொறுப்புள்ள ஒருவர் சோதித்த பின்னரே ஏறவேண்டும் என்பது தொழிலின் அடிப்படை நெறி. ஆயினும் சொந்த மாநிலம் விட்டு வந்த தொழிலாளிக்கு எச்சரிக்கைப் பலகை புரியாத மொழியில் இருந்தால் பயன் யாது? வேற்று மாநிலத்தில் வாழும் நாம் இதை எளிதில் உணர்வோம். 'ஏறாதே' என்னும் ஒரு சொல், ஏறுபவன் மொழியில் எழுதப்படல் வேண்டும்.