அலைவழி - 17: மலை மறைக்கும் குரல்

திருவண்ணாமலையில் ஹாம் ரேடியோ பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் யோசனை இதுதான்: "மலை உச்சியில ஒரு ரிப்பீட்டர் வெச்சுட்டா ஜில்லா முழுக்கக் கேக்குமே!" வரும் மெல்லிய சிக்னலை வாங்கி, வலுவாகத் திருப்பி அனுப்பும் கருவிதான் ரிப்பீட்டர். யோசனையில் நியாயம் இருக்கிறது. அண்ணாமலையின் உயரம் 814 மீட்டர். கோயில் இருக்கும் தரையிலிருந்து பார்த்தாலும் 600 மீட்டருக்கு மேல். ஹாம்கள், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்குபவர்கள், பயன்படுத்தும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. உச்சியிலிருந்து விட்டால் சமவெளியில் 100 கிலோமீட்டர் வரை எட்டும். ஊருக்குள் 30 மீட்டர் கம்பம் நட்டால் 25 கிலோமீட்டர் போவதே பெரிது.

ஆனாலும் அந்த மலையில் கம்பம் நடக் கூடாது என்பதே என் முடிவு. இலட்சக்கணக்கானோருக்கு அந்த மலையே சிவன். அந்த ஒரு காரணமே போதும். பக்தியைத் தள்ளி வைத்துக் கணக்கை மட்டும் போட்டாலும் அதே விடைதான் வருகிறது.

கார்த்திகையில் உச்சியில் ஏற்றும் தீபம் எல்லாத் திசையிலும் ஒளி வீசும்; வெகு தொலைவில் இருப்பவரைப் போலவே அடிவாரத்தில் நிற்பவரும் அதைப் பார்ப்பார். ரிப்பீட்டருக்கு வைக்கும் அதிக ஆதாய ஆன்டெனா அப்படி வீசுவதில்லை. அது தன் சக்தியை அமுக்கி, அடிவானத்தை நோக்கித் தட்டையாக அனுப்புகிறது. நான்கு மடக்கு டைபோல்களை அடுக்கிய ஆன்டெனாவின் வீச்சு மேலும் கீழுமாகச் சேர்த்து 16, 18 டிகிரிதான். உச்சியிலிருந்து பார்த்தால் ராஜகோபுரம் அடிவானத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி கீழே கிடக்கிறது. பலம் முழுவதும் ஊரின் தலைக்கு மேலே போய்விடும். விழுப்புரத்தில் தெளிவாகக் கேட்கும் குரல் சன்னதித் தெருவில் கரகரக்கும்.

திருவண்ணாமலைக்கு ரிப்பீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் 2024 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபெஞ்சல் புயல் மழையில், டிசம்பர் 1 அன்று, மலைச்சரிவிலிருந்து பாறையும் சேறும் வ.உ.சி. நகர் வீடுகள் மேல் இறங்கின. ஏழு பேர் இறந்தார்கள்; அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அடுத்த இரண்டே வாரத்தில் தீபம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதைச் சுற்றி இலட்சக்கணக்கான மக்கள். அத்தனை பேர் கையிலும் செல்போன் இருக்கும் நேரத்தில் எந்தப் போனிலும் பேச முடிவதில்லை என்பது தீபத்துக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். கங்கை கடலில் சேரும் சாகர் தீவில் சங்கராந்தி மேளாவின்போது தொலைந்துபோகிறவர்களை வீட்டாருடன் சேர்த்து வைப்பதை மேற்கு வங்க ரேடியோ கிளப்பின் ஹாம்கள் ஒரு தொண்டாகவே செய்துவருகிறார்கள். 2004 சுனாமியின்போது, ஹாம் தொடர்புகளுக்காகப் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுவந்தார்கள். நம் ஊர் தீபத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும்.

சமவெளி மேளாவில் இல்லாத சிக்கல் இங்கே உண்டு. கூட்டத்தின் நட்டநடுவில் மலை நிற்கிறது. அடி அண்ணாமலையில் நிற்பவரின் 5 வாட் வாக்கி டாக்கி, கிழக்குக் கோபுர வாசலில் நிற்பவருக்குக் கேட்காது. தரையில் எந்த ஓரிடத்தில் ரிப்பீட்டர் வைத்தாலும் பாதையின் ஏதோ ஒரு பகுதி மலையின் நிழலில் விழும். ஆகவே இரண்டு இடம் வேண்டும்: வடகிழக்கே வேங்கிக்கால் பக்கம் ஒன்று, தென்மேற்கே செங்கம் சாலைப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவிலும் மலைதான் என்பதால், ஊரின் தென்கிழக்கில் இரண்டையும் பார்க்கக்கூடிய உயரமான மாடி ஒன்றில் யாகி ஆன்டெனா வைத்து 434-438 மெகாஹெர்ட்ஸில் இணைக்கலாம். இணையம் வழியாக இணைப்பது சுலபம். ஆனால் புயலில் முதலில் அறுவது அந்த இணையம்தான்.

இந்த இரண்டு இடத்திலும் டைபோல்கள் நான்கையும் கம்பத்தின் ஒரே பக்கத்தில், மலையைப் பார்த்து வரிசையாகக் கட்டச் சொல்வேன். சுற்றிலும் பிரித்துக் கட்டினால் 6 டெசிபல் ஆதாயம். ஒரே பக்கம் கட்டினால் அந்தப் பக்கத்துக்கு 9. நமக்கு வேண்டியது கிரிவலப் பாதை.

இனி கேபிள். பெட்டிக்கு ஐம்பதாயிரம் செலவழிக்கத் தயங்காதவர்கள் கேபிளில் சிக்கனம் பார்ப்பதைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன். 30 மீட்டர் கம்பத்துக்கு மெல்லிய ஆர்ஜி-58 போட்டால் 6 டெசிபல் போய்விடும். 25 வாட்டில் மேலே சேர்வது 6 வாட்தான். ஆர்ஜி-213 என்றால் 14 வாட். அரை அங்குல ஹீலியாக்ஸ் என்றால் 20 வாட்டுக்கு மேல். அனுப்பும்போது ஆகும் நட்டத்தைப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்து ஈடுகட்டிவிடலாம். வாங்கும்போது ஆகும் நட்டத்துக்கு ஈடே இல்லை. கூட்டத்தில் நிற்கும் தொண்டரின் 5 வாட் கருவி, ஆர்ஜி-58 வழியாகக் கேட்கும்போது ஒன்றேகால் வாட் கருவியாகிவிடுகிறது.

எல்எம்ஆர்-400 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நட்டம் குறைவு, விலை கட்டுப்படியாகும், வீட்டு ஸ்டேஷனுக்கு அருமையான கேபிள். ரிப்பீட்டருக்கு மட்டும் வேண்டாம். அதில் அலுமினியத் தகட்டின் மேல் வெள்ளீயம் பூசிய செம்புப் பின்னல் இருக்கிறது. காற்றில் கேபிள் ஆட ஆட இரண்டு உலோகமும் உரசி இரைச்சல் உண்டாகும். ரிப்பீட்டர் ஒரே ஆன்டெனாவில், 600 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே தள்ளி, ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்கிறது. அது அனுப்பும் 25 வாட், அது கேட்க வேண்டிய மிக மெல்லிய சிக்னலைப்போல் முந்நூறு கோடி கோடி மடங்கு. அனுப்பும் அலையையும் கேட்கும் அலையையும் பிரித்து வைக்கும் டூப்ளெக்சர் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதற்கு மேலே கேபிளில் பிறக்கும் இரைச்சலை அதனால் வடிகட்ட முடியாது. துருப்பிடித்த கிளாம்பும் தளர்ந்த கனெக்டரும் இதே கேட்டைச் செய்யும். எல்லா இணைப்பும் என் டைப் கனெக்டராக இருக்கட்டும்; ஒவ்வொன்றின் மீதும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பையும் சுற்றுங்கள். கேபிள் அறைக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்தால் ஐப்பசி மழை அங்கேயே சொட்டிவிடும்.

எர்த்திங்கும் இங்கே லேசில்லை, பாறை நிலம். ஒரு குழாயை அடித்துவிட்டுப் போக முடியாது. கம்பி பல திசையில் புதைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, கேபிளின் வெளிக் கடத்தியைக் கம்பத்தின் உச்சியிலும் அடியிலும் எர்த்தில் சேர்த்து, அறை வாசலில் மின்னல் தடுப்பானும் வைக்க வேண்டும்.

மாவட்டத்தில் உரிமம் உள்ள ஹாம்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பத்துக்குப் பணம் திரட்டும் முன் அளவெடுங்கள். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் பாதையில் இருக்கின்றன. உத்தேசித்த மாடிகளில் தற்காலிக ஆன்டெனா வைத்து, எட்டு இடத்திலும் கைக்கருவியோடு நின்று பேசி, எங்கே கேட்டது, எங்கே கேட்கவில்லை என்று எழுதி வையுங்கள். சாதாரண நாளில் ஒரு முறை, பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு முறை. உரிமம் இல்லாதவர்களுக்கு: 12 வயது நிறைந்த எவரும் மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வை எழுதலாம். அடுத்த தீபத்துக்கு இன்னும் சில பேராவது தயாராக இருந்தால் நல்லது.