நம் கையால் நிறுவும் வெப் சர்வர்



பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் ஆலை தொடங்கியது. கணினிச் சில்லுத் தொழில் இத்தீவில் வேரூன்றியது அக்காலத்தில்தான். சில்லு செய்யும் ஊரில், அந்தச் சில்லை ஆட்டிவைக்கும் மென்பொருளையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

கைப்பேசியில் ஒரு வலைப்பக்கத்தைத் தட்டினால், எங்கோ ஒரு கணினி அதை எடுத்து அனுப்புகிறது. எடுத்துக் கொடுக்கும் அந்த மென்பொருள்தான் வெப் சர்வர். 1995-இல் வெளிவந்த அப்பாச்சி அவற்றுள் பெயர்பெற்றது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸில் அது நன்றாக ஓடும். அப்பாச்சிக்கு உரிமக் கட்டணம் கிடையாது. லினக்ஸையும் இலவசமாகப் பெறலாம். பழகுவதற்கு வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கணினியே போதும்.

மூல நிரல் என்பது மரம் வெட்டி எடுத்த பால் போன்றது. மனிதர் படிக்கலாம், கணினி அதை அப்படியே ஓட்டாது. பாலை உறையவைத்து, உருளையில் அழுத்தி, புகையில் உலர்த்தினால்தானே ஷீட் ஆகிறது? இங்கே அந்த வேலையைச் செய்வது கம்பைலர்.

மூலப் பொதியை அப்பாச்சியின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதனுடன் வரும் மின்கையொப்பத்தைச் சரிபாருங்கள். நிறுவையில் தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடிப்பார்களே, அதுபோன்ற சோதனை இது.

பொதியை விரித்தபின் மூன்று கட்டளைகள். முதலாவது 'கான்ஃபிகர்'. கம்பைலரும், ஏபிஆர், பிசிஆர்இ போன்ற துணை நூலகங்களும் இருக்கின்றனவா என்று அது தேடும். புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். பயப்பட வேண்டாம், எது இல்லை என்பதைப் பிழைச் செய்தியே சொல்லும். அதை நிறுவிவிட்டு மறுபடி கட்டளையிடுங்கள். அடுத்தது 'மேக்', பழைய கணினியானால் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். கடைசியில் 'மேக் இன்ஸ்டால்'. இதற்கு நிர்வாகி அதிகாரம் வேண்டும். பிறகு சர்வரை இயக்கி, உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டினால் 'இட் வொர்க்ஸ்' என்ற வாசகம் தோன்றும்.

வேண்டிய பகுதிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது இம்முறையின் நன்மை. ஆனால் காவலும் நம் பொறுப்பாகிறது. லினக்ஸுடன் வரும் ஆயத்தப் பொதியை லினக்ஸின் வழக்கமான புதுப்பிப்பே திருத்திவிடும். நாமே கட்டியதை அது தொடாது. 2021 அக்டோபரில் அப்பாச்சி 2.4.49 பதிப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. சர்வர் காட்டக்கூடாத கோப்புகளை வெளியார் படிக்க அது இடம் கொடுத்தது. அதற்கு வந்த 2.4.50-உம் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. சில நாட்களில் 2.4.51 வந்தது. மூலத்திலிருந்து நிறுவியவர்கள் ஒவ்வொரு முறையும் தாங்களே மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

ஆகவே பழகும் கணினியை வீட்டு இணைப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு வந்ததும் மறுபடி கட்டும் பழக்கம் கைவந்த பிறகு வெளி இணையத்துக்குத் திறக்கலாம்.