பட்டை கூட்டினால் பிரேக் என்ன ஆகும்?

பழைய பிக்கப்பும் நாமும் – 7

"ரெண்டு பட்டை சேத்துப் போட்டுடுங்ண்ணா, லோடு ஏத்துனா பின்னாடி உக்காந்துக்குது." நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து ஸ்பிரிங் பட்டறைகளில் அன்றாடம் காதில் விழும் பேச்சு இது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடம் உழைத்த பொலேரோ பிக்கப். தவணையெல்லாம் முடிந்து, இப்போதுதான் சொந்த வண்டி என்று மூச்சுவிட முடிகிறது. மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை அடுக்கியதும் பின்பக்கம் தாழ்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது டயர் மேலே உரசுகிறது. இரண்டு பட்டை கூட்டினால் அன்று சாயங்காலமே வண்டி நிமிர்ந்துவிடும்.

போன வாரம் டீசல் லைனில் ஏர் பிடிப்பதையும் அதை வீட்டிலேயே எடுப்பதையும் பார்த்தோம். இந்த வாரம் பின் ஸ்பிரிங். பழைய பிக்கப்பில் நாம் செய்யும் மாற்றங்களில் எனக்குக் கவலை அதிகம் இதைப் பற்றித்தான். பட்டை வேலை பட்டையோடு நிற்பதில்லை. பிரேக்கைத் தொடும், முன்விளக்கைத் தொடும். வண்டியை நிமிர்த்திக் கொடுக்கிற இடத்தில் பெரும்பாலும் இதைச் சொல்லி அனுப்புவதில்லை.

வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் சேசிஸைப் பாருங்கள். கைக்குள் அடங்குகிற ஒரு வால்வை அங்கே போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ வந்து ஆக்சிலைப் பிடித்திருக்கும். மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்று சொல்வது இதைத்தான். பொலேரோ உட்பட நம் ஊரில் ஓடும் பல பிக்கப்களில் இது உண்டு.

பிரேக் மிதித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. காலி பிக்கப்பில் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. அந்த நேரத்தில் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போனால் சக்கரம் உருளாமல் பூட்டிக்கொள்ளும். மழை ரோட்டில் வண்டியின் வால்பக்கம் சுற்றி முன்னால் வந்துவிடும். லோடு இருக்கும்போது நிலைமை வேறு. பின் சக்கரங்கள் ரோட்டை நன்றாக அழுத்திப் பிடித்திருக்கின்றன, அவையும் நிறுத்தும் வேலையில் பங்கெடுத்தாக வேண்டும். லோடு இருக்கிறதா இல்லையா என்பது வால்வுக்கு எப்படித் தெரியும்? சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான். பாரம் ஏறினால் சேசிஸ் தாழ்ந்து இடைவெளி குறையும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகும். இடைவெளி அதிகமாக இருந்தால் வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு வால்வு அழுத்தத்தைக் குறைத்துவிடும்.

இப்போது இரண்டு பட்டை கூட்டிய வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை டன் ஏற்றினாலும் பின்பக்கம் தாழ்வதில்லை. வால்வின் கணக்கில் அது பாதி காலி வண்டி. ஆகவே பின் பிரேக் சோம்பலாகப் பிடிக்கிறது, மொத்தச் சுமையும் முன் டிஸ்க்கின் தலையில் விழுகிறது. முன் பேடு சீக்கிரம் தேய்கிறது, வண்டி நிற்க எடுக்கும் தூரம் கூடுகிறது. "பேடு குவாலிட்டி சரியில்லை" என்று மூன்றாவது முறையாக மாற்றுகிறவர்களில் சிலருக்காவது உண்மையான காரணம் பின்னால், சேசிஸில் இருக்கிறது.

சமவெளியில் இதைச் சமாளித்துக்கொண்டே ஓட்டிவிடலாம். மலையில் முடியாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அன்னாசியும் பலாவும் மிளகும் அந்த வழியாகத்தான் பிக்கப்பில் இறங்குகின்றன. ஒவ்வொரு வளைவிலும் முன் டிஸ்க் சூடாகிறது, சூடு காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் ஆயில் கொதித்து லைனுக்குள் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும்.

அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். ரிசர்வாயர் மூடியில் என்ன டாட் எண் போட்டிருக்கிறதோ அதே ஆயில். இதை வீட்டில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சேசிஸுக்கு ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஆக்சில் கீழே தொங்கும். அப்போது எல்.எஸ்.பி.வி. பின் லைனை நெருக்கிக்கொள்ளும், பின்பக்கம் ஏர் சரியாக வெளியேறாது. சக்கரங்கள் தரையில் இருக்கும்போதோ, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்தோ ஏர் எடுங்கள். சில வண்டிகளில் வால்விலேயே ஒரு நிப்பிள் இருக்கும், அதையும் விட்டுவிடக் கூடாது.

வால்வே தொல்லை என்று அதைக் கழற்றிவிட்டு, ஒரு டீ போட்டு நேராக இணைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மழையில் திரும்பும்போது அந்த வால்வுதான் உங்களைக் காப்பாற்றும்.

அப்படியானால் தாழ்ந்த வண்டியை நிமிர்த்தவே கூடாதா? நிமிர்த்தலாம். ஏன் தாழ்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் பட்டை உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பி பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்துவிட்டு, ஒவ்வொரு பட்டையையும் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் யு-போல்ட் பிடித்திருக்கும் இடத்தை ஒட்டித்தான் விரிசல் அதிகம் வரும். சென்டர் போல்ட் உடைந்திருந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். பின்னால் வருகிறவருக்கு வண்டி நண்டு போல ஒருக்களித்து ஓடுவது தெரியும். ஷேக்கிள் புஷ் தேய்ந்திருந்தால் பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் வரும். புஷ், சென்டர் போல்ட், உடைந்த ஒரு பட்டை ஆகியவற்றை மாற்றினாலே பல வண்டிகள் பழைய உயரத்துக்கு வந்துவிடும். வால்வின் கணக்கும் கெடாது, ஏனென்றால் அந்த உயரத்துக்குத்தான் கம்பெனியில் அதை அமைத்தார்கள்.

மொத்தப் பட்டையும் தளர்ந்திருந்தால் அதே அளவில் புது செட் வாங்குவதே மேல். பழைய பட்டையைக் கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வளைத்துத் தருவது செலவு குறைந்த வழியாகத் தெரியலாம். ஸ்பிரிங் எஃகு அந்த வளைந்து நிமிரும் வலுவைப் பெற்றதே, அளவான சூட்டில் காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி குறைந்த சூட்டில் பதப்படுத்தியதால்தான். கண்ணளவில் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். சில மாதத்தில் மறுபடி தாழும், இல்லையென்றால் வளைவில் உடையும்.

பட்டை மாற்றும்போது யு-போல்ட்டும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை முறுக்கி இறுக்கியது நீண்டுவிடும், இரண்டாம் முறை அதே பிடிப்பைத் தராது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் லோடோடு நிறுத்தி, டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்க வேண்டும். இவ்வளவையும் நாமே செய்யலாம், ஆக்சிலுக்குக் கீழே கெட்டியான ஸ்டாண்டு இருந்தால். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. உயரம் கொஞ்சமாவது மாறியிருந்தால் வால்வின் கம்பியைத் திரும்ப அமைக்கும் வேலையை மட்டும் பிரஷர் கேஜ் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள். கண்ணால் பார்த்துச் செய்கிற வேலை இல்லை அது.

கூடுதல் பட்டை போட்டதும் ஆர்.சி.யில் உள்ள எடை கூடிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிக பாரத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வீல் பேரிங்கும் ஆக்சில் ஷாஃப்டும் டயரும். பட்டை மட்டும் பலமானால் அந்தப் பாரத்தையெல்லாம் இவைதான் வாங்கிக்கொள்கின்றன.

இனி முன்விளக்கு. பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். பட்டை மாற்றி நிமிர்ந்த பிறகு அதே விளக்கு மூக்கடியில் விழும். எனவே ஸ்பிரிங் வேலை முடிந்த அன்றே, வழக்கமான லோடோடு ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதற்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விழ வேண்டும். விளக்கின் பின்னால் உள்ள ஸ்குரூவைத் திருப்பினால் போதும்.

வெளிச்சம் மங்கலாக இருந்தால் உடனே நூறு வாட் பல்புக்கு ஓடாதீர்கள். ஹோல்டர் உருகும், சட்டத்துக்கும் ஒவ்வாது. எல்.இ.டி. பல்பை ஹாலஜன் ரிஃப்ளெக்டரில் செருகினாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரைத்தான் குருடாக்கும். பழைய வண்டியில் குறைவது பெரும்பாலும் பல்புக்கு வந்து சேரும் வோல்ட். 60 வாட் பல்பு இரண்டுக்கு ஏறக்குறைய 10 ஆம்பியர் வேண்டும். அது முழுவதும் வருடக்கணக்கில் கருகிய ஸ்விட்ச் வழியாக வருகிறது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்துபோகும். விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை பல்பின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரிங்கில் கோளாறு. பல்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையிலும் அதேபோல் பாருங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டினாலே சில வண்டிகளில் வெளிச்சம் திரும்பிவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போடலாம். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ரிலேயின் 30ஆம் முனைக்குக் கொண்டுவாருங்கள். 87இலிருந்து பல்புக்கு. பழைய விளக்கு வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. இனி ஸ்விட்ச் ரிலேயை இயக்கினால் போதும், 10 ஆம்பியரைச் சுமக்க வேண்டியதில்லை. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நடுவில் எங்காவது வயர் உரசி சேசிஸில் பட்டால், தீப்பிடிக்கும் முன் அறுந்துகொள்ள வேண்டியது அது.

அடுத்த வாரம்: ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும்