கிழிக்காமல் விட்ட சீட்டு

குர்லா டெர்மினஸிலிருந்து கோயம்புத்தூர் வண்டியில் ஊருக்குச் சாமான் அனுப்பியவர்களுக்குத் தெரியும்: பழைய பெட்டியில் கட்டினால், முன்பு ஒட்டிய சீட்டை முதலில் கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாமான் வேறெங்கோ இறங்கிவிடும். 2022-இல் லினக்ஸ் சர்வர்களைக் கவனிப்பவர்களைப் பதறவைத்த ‘டர்ட்டி பைப்’ ஓட்டையும் இப்படிக் கிழிக்காமல் விட்ட சீட்டுதான்.

லினக்ஸில் ஒரு கோப்பின் அனுமதி 644 என்றால், உரியவர் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்கள் படிக்க மட்டும். கோப்பைத் திறக்கும்போதே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இதைச் சோதித்துவிடுகிறது. பிறகு கோப்பை 4096 பைட் பக்கங்களாக நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. யார் படித்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள்.

ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு போகும் வழி ‘பைப்’. கோப்பை நகலெடுக்கும் வேலையை மிச்சப்படுத்த, நினைவகத்திலுள்ள அதே பக்கத்தை அப்படியே பைப்பில் கோத்துவிட முடியும். பைப்பின் அறைகள் திரும்பத் திரும்பப் பயன்படுபவை. ‘இந்தப் பக்கத்திலேயே மேலும் எழுதலாம்’ என்ற பழைய குறி ஓர் அறையில் அழியாமல் இருந்தால் என்ன ஆகும்? படிக்க மட்டும் அனுமதி உள்ளவர் பைப்பில் எழுதுவது, கோப்பின் பக்கத்திலேயே போய் விழும். அவர் எழுதுவது தன் சொந்த பைப்பில்தானே என்று கெர்னல் எதையும் கேட்காது. பயனர் பட்டியல் கோப்பை இப்படித் திருத்தி, சாதாரணப் பயனர் எல்லா அதிகாரமும் உள்ள ‘ரூட்’ ஆகிவிடலாம்.

குறியை அழிக்காத தவறு 2016-இல் நுழைந்தது. அப்போது அதனால் கெடுதல் இல்லை. 2020-இல், கெர்னலின் 5.8 பதிப்பில் வேறொரு மாற்றம் வந்தபோதுதான் அது ஆபத்தானது.

கண்டுபிடித்தவர் மாக்ஸ் கெல்லர்மன். சுருக்கி வைத்த சர்வர் பதிவுகள் திறக்கவில்லை என்று வாடிக்கையாளரிடமிருந்து புகார். கெட்டுப்போனவை கடைசி 8 பைட்டுகள். பெரும்பாலும் மாதக் கடைசி நாளின் கோப்பு. அந்த எட்டும் ஒவ்வொரு முறையும் அதே எட்டு: ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் தொடங்கும் பைட்டுகள்! மாதக்கணக்கில் விடாமல் துரத்தி, 2022 பிப்ரவரி 20-இல் கெர்னல் பாதுகாப்புக் குழுவிடம் தெரிவித்தார். மூன்றே நாளில் திருத்திய பதிப்புகள் வந்தன.

திருத்தம் இரண்டே வரி: இரண்டு இடங்களில் குறியைப் பூஜ்யமாக்குவது. அனுமதியைச் சோதிக்கும் பகுதியில் யாரும் கைவைக்கவில்லை, அது முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. எனக்கு இதில் பெரிய வியப்பு இதுதான்.

உங்கள் அலுவலக சர்வரின் கெர்னல் எண்ணைப் பாருங்கள். 5.10 வரிசையில் 102-க்கும், 5.15-இல் 25-க்கும், 5.16-இல் 11-க்கும் கீழே இருந்தால், விநியோகஸ்தர் தனியாகத் திருத்தம் சேர்த்திருக்கிறாரா என்று இன்றே விசாரியுங்கள்.