மூழ்கினாலும் பிழைக்கும் நெல்

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. திறப்புத் தேதி தள்ளிப்போனால் நாற்றங்கால், நடவு, அறுவடை எல்லாமே தள்ளிப்போகும். பிந்தி நட்ட சம்பா வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும்.

அணையை எதிர்பாராமல் புழுதியிலேயே நேரடியாக விதைத்து, முதல் மழையில் முளைக்கவிடுவது ஒரு வழி. நாற்று பறித்து நடுகிற செலவும் மிச்சம், களைதான் தலைவலி. இன்னொரு வழி, விதையையே மாற்றுவது.

டெல்டாவில் பொன்மணி என்றும் சாவித்திரி என்றும் சொல்லும் சிஆர் 1009 நெல்லுக்கு இப்போது ‘சப் 1’ என்ற வடிவம் உண்டு. சாதாரண நெல் தண்ணீரில் மூழ்கினால் மூச்சுவிட மேலே வரத் துடிக்கும். தண்டை நீட்டி நீட்டியே சேமித்த மாவுச்சத்தைத் தீர்த்துவிட்டு, வெள்ளம் வடிந்ததும் சாய்ந்து அழுகும். சப் 1 மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடங்கிக் கிடக்கும். தண்ணீர் வடிந்தபின் மிச்சமிருக்கும் சத்தைக் கொண்டு மறுபடி துளிர்க்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். இந்த மரபணு வந்தது ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து. விளைச்சல் குறைவென்று நாம் கைவிட்ட ரகங்களில் இன்னும் என்னென்ன போயிற்றோ!

ஆனால் இந்தக் குணம் இளம்பயிருக்குத்தான் கைகொடுக்கும். பூக்கும் பருவத்திலோ கதிர் முற்றியபிறகோ மூழ்கினால் பயனில்லை. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்து, தண்ணீர் மூன்று வாரம் தேங்கினாலும் கதை முடிந்தது. பாசன வாய்க்காலுக்குக் கிடைக்கும் கவனிப்பில் பாதிகூட வடிகாலுக்குக் கிடைப்பதில்லை. கடைமடையில் கேட்டால் முதல் புகாரே அதுவாகத்தான் இருக்கும்.

மழை இப்போது அறுவடையையும் விடுவதில்லை. 2021 ஜனவரியில் முற்றிய சம்பாக் கதிர்கள் வயலிலேயே சாய்ந்து முளைத்தன. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை பெய்யும்போதெல்லாம் டெல்லிக்குக் கடிதம் எழுதி, ஆய்வுக் குழு வந்து பார்த்து, தளர்வு கிடைப்பதற்குள் குவியல் நெல் சூடேறிவிடுகிறது. விவசாயி விதையை மாற்றிக்கொண்டார். கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் எந்திரங்களை வைக்க வேண்டியது அரசின் வேலை. அதை அடுத்த தை அறுவடைக்கு முன்பே செய்யட்டும்.