கிளியின் இறகு: உதிர்ந்ததா, பிடுங்கப்பட்டதா?

கூண்டின் அடித்தட்டில் இறகுகள் சேர்ந்து கிடப்பதைக் கண்டதும் கிளி வளர்ப்போருக்கு எழும் முதல் அச்சம், பறவைக்கு நோய் கண்டுவிட்டதோ என்பதாகும். பெரும்பாலும் அது இயல்பான இறகுதிர்வாகவே இருக்கும்; ஆயினும், பறவை தன் இறகைத் தானே பிடுங்கி எறியும் துன்பநிலையும் தொடக்கத்தில் ஏறத்தாழ இதே தோற்றத்தைத்தான் தரும். இவ்விரண்டையும் பிரித்தறியக் கீழே விழுந்த இறகுகளை எண்ணிப் பயனில்லை. உடலின் எந்தப் பகுதி வெறுமையாயிற்று என்பதையும், விழுந்த இறகின் தண்டு எந்நிலையில் உள்ளது என்பதையுமே பார்க்க வேண்டும்.

முழுதாக வளர்ந்த இறகு, கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற பொருள். அது தேய்ந்தாலோ கிழிந்தாலோ உடலால் அதனைச் செப்பனிட இயலாது என்பதால், பழையதை உதிர்த்துவிட்டு, தோலில் இறகு ஊன்றியிருந்த அதே குழியிலிருந்து புதியதை வளர்த்துக்கொள்வதே பறவைக்குள்ள ஒரே வழி. இம்மாற்றம் ஓர் ஒழுங்கோடு நடக்கிறது. கிளிகளில் சிறகின் வெளிப்புறத்துப் பெரிய பறத்தல் இறகுகளின் வரிசை நடுவிலிருந்து உதிரத் தொடங்கி இரு பக்கமும் நகர்வதோடு, இடச்சிறகில் விழுவதற்கு ஏறக்குறைய இணையானதே வலச்சிறகிலும் விழுவதால், பறக்கும் ஆற்றல் முற்றிலும் போய்விடுவதில்லை. நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜிகள், மூன்று நான்கு மாத வயதில் நிகழும் முதல் உதிர்விலேயே நெற்றியிலுள்ள கரும்பட்டைக் கோடுகளை இழந்துவிடுகின்றன. பெரிய கிளிகளோ பல மாதங்களுக்குச் சிறிது சிறிதாக இறகு மாற்றுகின்றன.

உதிர்வுக் காலத்துக் கிளியை அருகில் வைத்துப் பார்த்தால், தலையிலும் கழுத்திலும் வெண்ணிற உறையிட்ட சிறு குச்சிகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இவை புதிய இறகின் முளைகள். வளரும் இறகுக்கு இரத்த ஓட்டம் உண்டு என்பதால், சிறகிலோ வாலிலோ உள்ள பெரிய முளை ஒன்று ஒடிந்தால் இரத்தம் கசியும். வளர்ச்சி முடிந்ததும் இரத்த ஓட்டம் நின்று, உறை காய்ந்து, பொடுகுபோல் உதிர்கிறது. அந்நாள்களில் அரிப்பு மிகுவதால் பறவை வழக்கத்தைவிட அதிகமாக உடலைச் சொறிவதும் அலகால் கோதுவதும், சிடுசிடுப்பதும் இயல்பே. குளித்து நனைந்த கிளியின் இறகுகளுக்கிடையே தோல் தெரிவதும் கவலைக்குரியதன்று. பறவைகளுக்கு இறகுகள் உடலெங்கும் சீராக முளைப்பதில்லை, வரிசை வரிசையாகத்தான் முளைக்கின்றன. ஆனால் உலர்ந்த உடலில் தோல் திட்டாகத் தெரிந்தால் அதனை உதிர்வு என்று தள்ளிவிடக் கூடாது.

அந்நிலையில் முதலில் பார்க்க வேண்டியது தலை. எந்தக் கிளியாலும் தன் அலகைக் கொண்டு தன் தலையைத் தொட முடியாது. ஆகவே மார்பும், தொடையும், சிறகின் அடிப்புறமும் மொட்டையாகி, சாம்பல் நிறத் தூவி மட்டும் எஞ்சியிருக்க, தலை இறகுகள் மட்டும் பளபளவென்று முழுமையாக இருந்தால், அப்பறவை தன்னைத்தானே பிடுங்கிக்கொள்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தலையும் மொட்டையாக இருப்பின், உடன் வாழும் கிளி பிடுங்கியிருக்கலாம், அல்லது நோய் காரணமாக இருக்கலாம். லுட்டினோ வகைக் காக்டெயில் கிளியின் கொண்டைக்குப் பின்னுள்ள வழுக்கை மட்டும் பிறவியிலேயே அமைவது.

அடுத்த சான்று, விழுந்த இறகே. தானாக உதிர்ந்த இறகின் அடித்தண்டு உலர்ந்தும் சிதையாமலும் இருக்கும். அலகுக்கு இரையானதிலோ தண்டு நசுங்கியும், நுனி கந்தலாகியும், சில வேளைகளில் அடியில் இரத்தக்கறை படிந்தும் காணப்படும். இறகின் குறுக்கே மெலிந்த கோடுகள் ஓடினால், அது வளர்ந்த நாள்களில் பறவை பசியாலோ நோயாலோ அச்சத்தாலோ வாடியிருந்தது என்று கொள்ளலாம்.

பிடுங்குதலைக் கெட்ட பழக்கம் என்று பெயரிட்டுக் கழுத்தில் வளையம் மாட்டிவிடுவது, காரணத்தை அப்படியே விட்டுவிட்டு அடையாளத்தை மட்டும் மறைக்கும் செயல். காக்டெயில்களின் குடலில் வாழும் ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி, துத்தநாகம் பூசிய கூண்டுக் கம்பியைக் கடிப்பதால் உடலில் சேரும் நஞ்சு, சூரியகாந்தி விதையும் தினையும் மட்டுமே தின்பதால் வரும் வைட்டமின் ஏ குறைபாடு எனக் காரணங்கள் பல. அலகு இறகு நோய் எனப்படும் சர்க்கோவைரசுத் தொற்றில் புதிய இறகுகளே உருக்குலைந்தும், உறை கழலாமலும் முளைக்கும். அது பிற கிளிகளுக்கும் பரவும் என்பதால் நோயுற்ற பறவையை உடனே தனிமைப்படுத்த வேண்டும்.

உடலில் குறையேதும் இல்லையெனில், பறவையின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். காட்டில் பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலும் கூட்டத்தோடு ஒலியெழுப்புவதிலும் கழிக்கும் இனத்துக்கு, கிண்ணத்தில் கொட்டிய விதையும் தனிமையும் மட்டும் எப்படிப் போதும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இளம் ஆரஞ்சுச் சிறகு அமேசான் கிளிகளை வைத்து நடத்தி 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உணவைத் தேடிப் பிரித்தெடுக்கவும் ஏறி விளையாடவும் வாய்ப்பிருந்த கூண்டுகளில் பிடுங்குதல் தடுக்கப்பட்டது; வெறுங்கூண்டில் இறகிழந்தவையும் அத்தகைய கூண்டுக்கு மாறியபின் தேறின. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளும் காக்கட்டூக்களும் இத்துன்பத்துக்கு மிகுதியாக ஆளாகின்றன. அறிவு கூர்மையான இவற்றை நாள் முழுவதும் தனித்து விட நேரும் வீடுகள், வாங்குவதைத் தவிர்ப்பதே நல்லது.

பறவை மருத்துவரிடம் செல்லும்போது விழுந்த இறகுகளைக் காகித உறையில் எடுத்துச் செல்வது அவருக்குப் பெரிதும் உதவும். காலந்தாழ்த்துவதுதான் பெருங்கேடு, ஒரே குழியிலிருந்து மீண்டும் மீண்டும் பிடுங்கப்பட்டால் அக்குழி வடுவாகி, அங்கே பிறகு இறகே முளைக்காது. சிகிச்சை பலித்தபின்னும் தோற்றம் உடனே மாறிவிடுவதில்லை: வேரோடு பிடுங்கிய இடத்தில் புதிய முளை சில வாரங்களில் தலைகாட்டும், கடித்துக் குதறப்பட்ட இறகின் அடித்தண்டோ அடுத்த உதிர்வு வரை குழியிலேயே தங்கியிருப்பதால், குணமான கிளியும் பல மாதங்கள் கந்தலாகவே காட்சியளிக்கும்.