கட்டிப் பார்த்தவரின் கடை

ஹாபி கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் பாதி ஒட்டிய மாடல் விமானம் ஒன்று கிடந்தால், அந்தக் கடையை நம்பி உள்ளே போகலாம். கூட்டமில்லாத மதிய வேளையில் கடைக்காரரே உட்கார்ந்து செய்கிற மாடல் அது. ஆள் வந்தால் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து வருவார். 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை முடிக்க அவருக்கு ஒரு மாதம்கூட ஆகும்.

ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவர் தெரிந்துகொள்வது எதுவும் பெட்டியின் மேல் அச்சாகியிருக்காது. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இடைவெளி விழுகிறதா, புட்டி வைத்துத் தேய்க்க வேண்டுமா என்பதெல்லாம் கட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பசையில்தான். பாலிஸ்டைரீன் மாடலுக்கான பசை, பிளாஸ்டிக்கையே இளக்கும் கரைப்பான். இரு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் ஓரத்தில் பிரஷ் நுனியால் லேசாகத் தொட்டால் போதும். திரவம் கோட்டோடு தானாக ஓடும். இரு பக்கமும் இளகி ஒன்றாகிவிடும். அள்ளிப் பூசினால் நுணுக்கமான ரிவெட் புள்ளிகள் உருகிப் போகும். விமானியின் கண்ணாடி மூடிக்கு சூப்பர் குளூ வைத்தால் வெண்படலம் படியும். இதையெல்லாம் கையில் எடுத்துக் காட்டிச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

மாடல்களைத் தயாரிப்பவர்களையும் பாருங்கள். ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-ல் மரத் தொழிலாகத் தொடங்கிய டாமியா நிறுவனம், மர மாடல்கள் செய்து, 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலைத் தன் முதல் பிளாஸ்டிக் கிட்டாக வெளியிட்டது. அது போட்டியில் அடிபட்டது. அடுத்து வந்த பாந்தர் டாங்கிதான் கைகொடுத்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டுமே என்று பார்த்ததில் அதன் அளவு 1/35 என்று அமைந்தது. இன்று ராணுவ மாடல் செய்பவர்களிடம் உலகெங்கும் புழங்கும் அளவு அதுதான். பின்னாளில் அந்த நிறுவனத்தின் ஷுன்சாகு டாமியா, ஒரு மாடலைச் சரியாகச் செய்வதற்காக நிஜ போர்ஷே 911 காரையே வாங்கிப் பிரித்துப் பார்த்தார். தயாரிப்பவருக்கு இருந்த அந்த வெறியில் கொஞ்சமாவது விற்பவருக்கும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்படித் தானே கட்டிப் பார்த்துச் சொல்வதில் கடைக்காரருக்கு நஷ்டமும் உண்டு. பிரித்துக் கட்டிய கிட்டைப் புதிதென்று விற்க முடியாது. அரை மணி நேரம் அவரிடம் விளக்கம் கேட்டுவிட்டு, ஆன்லைனில் கொஞ்சம் மலிவாக வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நியாயமே இல்லை.

முதல் மாடல் வாங்கப் போகிறீர்களா? துண்டுகள் குறைவான ஒற்றை எஞ்சின் விமானமாகக் கேளுங்கள். துண்டுகளை வெட்டியெடுக்கும் நிப்பர், நைஸான உப்புத்தாள், பசை மூன்றையும் அந்தக் கடையிலேயே வாங்குங்கள். வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். முடித்ததும் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.